அதிமானிடர் கதைகளும் ஆண்பிள்ளைகளும்

சிறுவர் தாம் வியந்தவரைப் போல ஒழுக விரும்புதல் இயல்பு. வியந்தவரிடத்து எதனை அவர் கைக்கொள்கின்றனர் என்பதே உபாத்தியாயர் ஆராயத்தக்கது. அமெரிக்க தேசத்திலே தோன்றி, இன்று கைத்தொலைபேசி வழியாக நம் மாணாக்கரையும் அடைந்துள்ள அதிமானிடர் கதைகளைக் கொண்டு இதனை ஆராய்வாம்.

1938 ஆம் ஆண்டிலே ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இளைஞர் இருவர் படைத்த சூப்பர்மேன் சித்திரக்கதை வெளிவந்தது. முதற்கதையிலேயே அவ்வீரன் குற்றமற்ற ஒருத்தியை மரணதண்டனையினின்றும் மீட்கின்றான். மனைவியை அடிக்கும் ஒருவனைத் தடுக்கின்றான். 1962 இல் வந்த ஸ்பைடர்மேனோ பள்ளி மாணாக்கன். தான் பிடித்திருக்கக்கூடிய கள்வனைப் போகவிட்டமையால், தன்னை வளர்த்தவரை அக்கள்வன் கையிலே இழந்து, வலிமைக்குரிய கடமையை உணர்கின்றான். எளியாரைக் காத்தலே இக்கதைகளின் கரு என்பது இவற்றால் விளங்கும்.

கரு அதுவாயினும், சிறுவன் கண்ணை ஈர்ப்பது சண்டையே. இரக்கம் உள்ளத்தே நிகழ்வது. குத்தும் உதையும் வெளியே தோன்றுவன. 2017 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், பள்ளி புகாத 240 சிறுவரின் பெற்றோரை வினாவி ஓராண்டின் பின் மீட்டும் ஆராய்ந்தனர். இக்கதைகளில் மிக ஈடுபட்டோரிடம் பிறரை வருத்துங் குணம் மிகுந்திருந்தது. நலியப்படுவோரைக் காக்குங் குணமோ மிகவில்லை. கதைகளே இதற்குக் காரணமென்று இவ்வளவில் துணிதல் கூடாது. எனினும் காக்குங் குணம் காட்சியினால் மாத்திரம் வாராதென்பது கருதத்தக்கது.

அவ்வாண்டிலேயே வெளிவந்த வேறோர் ஆராய்ச்சியுமுண்டு. நான்கும் ஆறும் வயதுடைய 180 சிறுவரிடம் சலிப்புத்தரும் வேலையொன்று 10 நிமிடத்திற்குக் கொடுக்கப்பட்டது. விரும்பின் இடையே விளையாடவும் விடை தரப்பட்டது. சிலர் “நான் உழைக்கின்றேனா?” என்றும், சிலர் தம் பெயரைச் சொல்லியும் தம்மைத் தாமே வினாவினர். பேட்மேன் முதலியோராகத் தம்மைப் பாவித்து, “பேட்மேன் உழைக்கின்றானா?” என வினாவியவரே யாவரினும் நெடிது உழைத்தனர்.

இங்கே பாவனையோடு ஒரு வினாவுஞ் சேர்ந்திருந்தது. ஆசிரியர் செய்யத்தக்கது இதனால் விளங்கும். விளையாட்டு முற்றத்திலே வீரனாக நடிப்பவனுக்கு ஒரு பகைவன் வேண்டும். அவ்வேடம் பெரும்பாலும் வலியற்ற பிள்ளையின் தலையிலே விழும். அப்பொழுது விளையாட்டைத் தடுத்து வைதலாற் பயனில்லை. வீரனை அழைத்து, “நீ யாரைக் காக்கின்றாய்? அஞ்சி நிற்பவன் யார்? அடியாமற் காக்கும் வழி யாது?” என வினாவுக. வேடங்களை முறையாக மாற்றுவிக்க. வலிமை எதற்கென்று சொல்லப்பழகிய சிறுவன், கையை ஓங்குமுன் சற்றே நிற்பான். அவ்வாறு நிற்கப் பழக்குதல் நம் கடனென்று அறிக.