கீற்றும் தலைப்பும்: கணினித் திரையிலே தமிழ்

பழைய கணக்கேடுகளின் வலப்புற ஓரத்தைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் ஓர் எழுத்தையோ தலைப்பையோ பொறித்து வைக்கும் வழக்கத்தை நம்மிற் பலர் கண்டிருப்பர். ஏட்டை முழுதும் புரட்டாமலே வேண்டிய பக்கத்தை விரலால் தொட்டெடுக்க உதவுவது அவ்வெட்டு. கணினித் திரையில் ஆங்கிலத்தார் 'டேப்' என்பது அதன் வழித்தோன்றலேயாம். ஒரே சாளரத்திற் பல பக்கங்களை அடுக்கி, தலைப்புகளை மட்டும் வெளியே நீட்டி வைத்து, ஒன்றை அழுத்தியவுடன் அதற்குரிய பக்கத்தை முன்னே கொணர்தல் அதன் தொழில்.

இதற்குத் தமிழ்ப் பெயர் யாது? குரோம் உலாவி 'தாவல்' என்னும்; பயர்பொக்ஸ் 'கீற்று' என்னும். விசைப்பலகையில் ஓரிடம் விட்டு ஓரிடம் துள்ளச் செய்யும் விசைக்குத் தாவல் என்னும் பெயர் பொருந்தும். ஏட்டோரத்தில் நீட்டி நிற்கும் துண்டு எங்கும் தாவுவதில்லை. ஆதலின் கீற்று என்பதனையே ஈண்டு ஆள்கின்றோம்.

எம் கல்லூரியின் பழைய மாணவருள் நிரல் எழுதுவோர் இன்று பலர். அவருள் ஒருவர் அக்கரப்பத்தனைத் தோட்டப்புறத்துப் பாடசாலை ஒன்றுக்கு மாணவர் இடாப்புச் செயலி எழுத முன்வருகின்றார் எனக் கொள்வோம். பக்கங்கள் நான்கு: மாணவர் விவரம், மாணவர் வரவு, மாணவர் தேர்வு, மாணவர் சுகாதாரம். தலைப்புகளை ஆங்கிலத்திலேயே விட்டால் என்ன என வினவுவாரும் உளர். கொழுந்து நிறுக்குமிடத்தில் நின்று, தமக்கு முழுப்பேர் விழுந்ததோ அரைப்பேர் விழுந்ததோ என்பதைப் பிறர் சொல்லக் கேட்டே அறிந்து, தம் பெயர் எழுதிய செக்றோலைத் தாம் வாசியாமலே வாழ்ந்து முடிந்தோர் பலர் இம்மண்ணில். அவர்தம் வழியில் வந்த ஒரு தாய், தன் பிள்ளையின் வரவைக் கேட்டு வரும்போது, திரையிலுள்ள தலைப்பைத் தானே வாசித்தல் வேண்டும். தமிழாசிரியருக்கு நிரலிலே என்ன வேலை என்பார்க்கு எம் விடை இதுவே.

கருவித்தொகுதியைத் தேர்வதிலேயே பணி தொடங்குகிறது. பைதன் மொழியோடு கூடி வரும் டிகிண்டர் கற்பதற்கு எளியது. ஆயின், லினக்ஸ் இயங்குதளத்தில் அதன் அடித்தளமாகிய டிகே, தமிழெழுத்தைக் கோத்து வரைவதில் நெடுங்காலம் குறையுடையதாகவே இருந்து வந்தது. ஒருங்குறியில் 'தே' என்பது முதலிலே தகரமும் அதன்பின் கொம்பும் ஆகச் சேமிக்கப்படும். வரையும்போது கொம்பு தகரத்தின் முன்னே நகர்தல் வேண்டும். அந்நகர்த்தலைச் செய்யாத கருவி வரையும் தமிழைக் கண்டு முதலாந்தரத்துப் பிள்ளையும் நகைக்கும். நோர்வேயிற் பிறந்த கியூட் என்னும் தொகுதியோ, ஹார்ஃப்பஸ் என்னும் எழுத்துக்கோப்பு நிரலின் துணையால் இதனைச் செவ்வனே செய்கிறது. ஆதலின் கியூட்டின் கீற்றுப் பெட்டியையே எடுத்துக்கொள்வோம்.

அப்பெட்டி இரண்டு பொருள்களின் கூட்டு. கீற்றுகளைத் தாங்கும் பட்டை ஒன்று. பக்கங்களின் அடுக்கு மற்றொன்று. அளவும் அலங்காரமும் பெரும்பாலும் பட்டையைச் சார்ந்தன. புதிதாகக் கற்போர் பலர் அலங்காரத் தாளிலே கீற்றின் அகலம் எண்பது படப்புள்ளி என எண்ணால் வரையறுத்து விடுவர். ஆங்கிலத்தில் 'ஹெல்த்' அடங்கிய இடத்திலே 'சுகாதாரம்' அடங்குமா? குறைந்த அகலம் இவ்வளவு, எழுத்தைச் சூழ விடும் இடைவெளி இவ்வளவு என்று மட்டும் சொல்லி, எஞ்சியதைச் சொல்லின் நீளத்துக்கே விட்டுவிடுதல் நன்று. உயரத்துக்கும் இதுவே முறை. மேலெழும் இகரக் குறியும் கீழிறங்கும் உகரக் குறியும் ஆங்கில உயரத்துள் நெரிபடும்.

இடம் போதாதவிடத்து, கியூட் பட்டையின் முனையில் அம்புப் பொத்தான்களை இட்டு நகர்த்தச் செய்யும். அல்லது தலைப்பை வெட்டி மூன்று புள்ளி இடும். இரண்டாவது வழியில் நம் நான்கு கீற்றுகளும் 'மாணவர்…' என்றே நிற்கும்! ஆங்கிலத்திலும் இந்நிலை நேரலாம். எனினும் தமிழிலே அடைமொழி முன்னும் பெயர் பின்னும் நிற்பதால் அடிக்கடி நேர்கிறது. 'மாணவர்' என்பதைச் சாளரத்தின் நெற்றியில் ஒருமுறை எழுதி, கீற்றுகளில் விவரம், வரவு, தேர்வு, சுகாதாரம் என்று மட்டும் இடுக. அதன்பின் வெட்டும் வழக்கத்தையே நிறுத்திவிடலாம். அதற்கெனப் பட்டையில் ஒரு விருப்பத்தேர்வு உண்டு.

தாமே எண்ணி வெட்டும் நிரலர் செய்வது இன்னும் கொடிது. 'தேர்வு' என்பதில் நம் கணக்குக்கு எழுத்து மூன்று. ஒருங்குறிக் கணக்குக்குக் குறியீடு ஆறு. முதல் மூன்று குறியீடுகளை வெட்டியெடுத்தால் 'தேர' என்று நிற்கும். ரகரமெய் தன் புள்ளியை இழந்து உயிர்மெய்யாகிவிட்டது. மெய் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் காலத்து விதி. அதனை இயந்திரம் தானே அறியாது. வெட்டத்தான் வேண்டுமெனின், எழுத்தெல்லை அறிந்து வெட்டும் கியூட்டின் சொந்தச் செயற்பாட்டிடமே விடுக.

நீண்ட தலைப்புகளுக்குக் கீற்றுகளை இடப்பக்கத்தில் அடுக்குவதே தக்கது. ஆனால் அங்கே கியூட் எழுத்தைச் செங்குத்தாகத் திருப்பிவிடும். கழுத்தைச் சாய்த்து வாசிக்க நேரும். இதனை நீக்கப் பட்டையிலிருந்து ஒரு புதிய வகுப்பை வழிப்படுத்தி, அளவு கூறும் செயற்பாட்டில் அகலத்தையும் உயரத்தையும் இடம் மாற்றி, வரையும் செயற்பாட்டிற் கீற்றின் வடிவை முதலில் வரைந்து, எழுத்தைப் பின்னர்க் கிடையாக வரைதல் வேண்டும். இத்துணைத் தொல்லை வேண்டாதார் இடப்பக்கம் ஒரு பட்டியலும் வலப்பக்கம் பக்க அடுக்கும் வைத்து இணைத்துக்கொள்ளலாம். பயன்படுத்துவோர்க்கு வேறுபாடு தெரியாது.

கீற்றுகளை இழுத்து இடம் மாற்றவும் மூடவும் வசதிகள் உண்டு. இடாப்புக்கு இரண்டும் வேண்டா என்பது எம் கருத்து. வரவுக் கீற்று நாடோறும் ஒரே இடத்தில் இருப்பின் ஆசிரியர் கை தானே அதனிடம் செல்லும். இடம் மாற்ற விடுவோர், மூன்றாவது கீற்று என எண்ணால் அழைக்காது, பக்கத்தையே சுட்டி அழைத்தல் வேண்டும். மூடும் பொத்தானோ தானாக எதனையும் மூடுவதில்லை. மூடுமாறு கேட்கப்பட்டது என்று அறிவிப்பதோடு நின்றுவிடும். நீக்குதல் நிரலரின் வேலை. கீற்றை நீக்கினாலும் பக்கம் நினைவகத்தில் அழியாது கிடக்கும்.

சுகாதாரப் பக்கம் எல்லார் கண்ணுக்கும் உரியதன்று. 2020ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்து புள்ளி பதினைந்தாம் பதிப்பு முதல், ஒரு கீற்றை நீக்காமலே மறைக்கும் செயற்பாடு கியூட்டில் உண்டு. வகுப்பாசிரியர் நுழையும்போது அது தோன்றவும், மற்றையோர் நுழையும்போது மறையவும் செய்யலாம். மற்றையோர்க்கு மறைக்கும்போது, அப்பக்கத்துத் தரவையும் ஏற்றாது விடுக.