நீங்கியது எது? சேர்ந்தது எது? – டெபியன் பதிப்புகள் ஓர் ஒப்பீடு

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

புதிய பாடநூல் கைக்கு வந்ததும் நாம் முதலில் என்ன செய்கிறோம்? அக்காவின் பழைய நூலோடு ஒப்பிட்டு, எந்தப் பாடம் நீங்கியது, எது புதிதாய்ச் சேர்ந்தது என்று பார்க்கிறோம் அல்லவா? நீங்கிய பாடத்தைக் கண்டு மகிழ்வோரே நம்முள் அதிகம். கணினியிலோ அப்படி மகிழ முடியாது. நேற்றுவரை வேலை செய்த மென்பொருள் புதிய பதிப்பில் இல்லை என்றால் நம் வேலை நின்றுவிடும்.

டெபியன் என்பது லினக்ஸ் வகையைச் சேர்ந்த ஓர் இயங்குதளம். 1993ஆம் ஆண்டு இயன் மர்டாக் என்பவர் இதைத் தொடங்கினார். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் இதை உருவாக்கி இலவசமாக வழங்குகின்றனர். இதில் ஒவ்வொரு மென்பொருளும் 'பேக்கேஜ்' எனப்படும் பொதியாகக் கட்டப்பட்டு வருகிறது. பதிப்புகளுக்கு 'டாய் ஸ்டோரி' திரைப்படத்தின் பொம்மைப் பெயர்களைச் சூட்டுவது வழக்கம். 2021இல் புல்ஸ்ஐ, 2023இல் புக்வோர்ம், 2025இல் டிரிக்ஸி வெளிவந்தன.

புல்ஸ்ஐயில் இருந்தவை 59,551 பொதிகள், புக்வோர்மில் 64,419. கழித்துப் பார்த்தால் 4,868 கூடியிருக்கிறது. ஆகவே பழையவை எல்லாம் இருக்க, மேலும் 4,868 கிடைத்தன என்று எண்ணிவிடத் தோன்றும். அது தவறு! கணிதத்தில் கண வித்தியாசம் படித்தோமே, அதை இங்கே கொண்டு வாருங்கள். புதிதாகச் சேர்ந்தவை 11,089க்கு மேல். நீக்கப்பட்டவை 6,296க்கு மேல். டிரிக்ஸியில் மொத்தம் 69,830. அதில் 14,100க்கு மேல் புதியவை. 8,840க்கு மேல் விடைபெற்றன. "எழுபதினாயிரம் இருக்கிறதே, நமக்கு வேண்டியது ஒன்று கிடைக்காதா?" என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். நமக்கு வேண்டிய அந்த ஒன்று, நீங்கிய எண்ணாயிரத்தில் இருந்தால் என்ன செய்வது?

ஏன் நீக்குகிறார்கள்? எழுதியவரே கைவிட்ட மென்பொருளில் பிழை கண்டால் திருத்த ஆள் இல்லை. பெரிய பிழையோடு எந்தப் பொதியும் புதிய பதிப்பில் இடம்பெறக் கூடாது என்பது டெபியனின் விதி. பைத்தான் 2 என்னும் நிரல்மொழியைப் பாருங்கள். அதன் ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் நாளோடு முடிந்தது. புல்ஸ்ஐயில் மொழி இருந்தது, துணை நூலகங்களில் பெரும்பாலானவை இல்லை. புக்வோர்மில் மொழியே இல்லை. அதை நம்பி எழுதிய பழைய நிரல்களை பைத்தான் 3க்கு மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

பெயர் காணாமற் போனால் பொருளும் போயிற்று என்று பதறவும் வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, வணிகக்குறிப் பிணக்கினால் 2006 முதல் டெபியனில் 'ஐஸ்வீசல்' என்ற பெயரில் உலவியது. 2016இல் சொந்தப் பெயருக்குத் திரும்பியது. டிரிக்ஸியில் பல நூலகப் பொதிகளின் பெயருக்கு 'டி64' என்று ஒரு வால் முளைத்திருக்கிறது. காரணம் விந்தையானது. பழைய 32 பிட் முறையில் நொடிகளை எண்ணும் கணக்கு 2038 ஜனவரி 19ஆம் நாள் நிரம்பி வழிந்துவிடுமாம்! அதற்கு முன்னேற்பாடாக நூலகங்களை மாற்றியமைத்தபோது பெயரும் மாறியது.

பட்டியலில் பெயர் இருந்தும் பயனில்லாத நிலையும் உண்டு. இன்டெல் வகைப் பழைய 32 பிட் கணினிகளுக்கு டிரிக்ஸியில் நிறுவும் நிரலும் இல்லை, கெர்னலும் இல்லை. பொதிகள் எத்தனை இருந்தால் என்ன, அந்தக் கணினியில் டிரிக்ஸியைப் புதிதாக நிறுவவே வழியில்லையே! பழைய கணினிகளை வைத்திருக்கும் பள்ளிகளும் வீடுகளும் இதை முதலில் கவனிக்க வேண்டும்.

ஆகவே பதிப்பு மாற்றும் முன், நம் கணினியில் உள்ள பொதிகளின் பட்டியலை 'டிபிகேஜி' கட்டளையால் எடுத்துக்கொண்டு, புதிய பதிப்பின் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். இல்லாத ஒவ்வொன்றும் பெயர் மாறியதா, வேறொன்று அதன் இடத்தைப் பிடித்ததா, மெய்யாகவே போயிற்றா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். புக்வோர்முக்கு 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு அறிவித்திருப்பதால் அவசரமும் இல்லை.