காதுக்கு இமை இல்லை

கண்ணுக்கு இமை கொடுத்த இயற்கை காதுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று நீங்கள் எப்போதாவது எண்ணியதுண்டா, தோழியரே? சென்ற ஆண்டு வரை நாங்களும் எண்ணியதில்லை.

சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் எங்கள் வகுப்பில் புதிதாக ஒருத்தி வந்து சேர்ந்தாள். முதல் மணி அடித்ததுமே இரு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு மேசைமேல் குனிந்துவிட்டாள். மதிய உணவு வேளையில் யாருடைய எவர்சில்வர் டப்பாவின் மூடியாவது சிமெண்டுத் தரையில் விழுந்தால் அவள் கண்களில் நீர் வந்துவிடும். விளையாட்டு விழா ஒத்திகையன்று பாண்டு வாத்தியத்தின் பெரிய டிரம் முழங்கியதும் வரிசையை விட்டு ஓடிப்போய்ச் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் நின்றாள். நாங்கள் சிரித்தோம். "நடிப்புக்காரி" என்று பட்டப்பெயரும் வைத்தோம். உண்மைதானா என்று பார்க்க, அவள் பின்னால் நின்று மர அளவுகோலை டெஸ்க்கில் ஓங்கி அடித்தவர்களும் எங்களுள் உண்டு. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆயினும் இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் கட்டுரை பொய்யாகிவிடும்.

ஒருநாள் அவளுடைய அம்மா வந்து வகுப்பாசிரியையிடம் நெடுநேரம் பேசிவிட்டுப் போனார். மறுநாள் உயிரியல் ஆசிரியை எங்களைத் திட்டவில்லை. "காதைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் கொஞ்சம்தான் இருக்கிறது. அதற்குமேல் என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டு வாருங்கள்" என்று மட்டும் சொன்னார். தேடியதில் கிடைத்ததையே இங்கே தருகிறோம்.

ஒலி என்பது காற்றின் அதிர்வு. அது செவிக்குழாய் வழியே சென்று செவிப்பறையை அசைக்கிறது. அங்கிருந்து சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் அந்த அசைவை உட்செவியிலுள்ள நத்தைச் சுருளுக்குக் கடத்துகின்றன. அங்கவடிதான் நம் உடலிலேயே மிகச் சிறிய எலும்பு. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். அதைப் பற்றியிருக்கும் ஸ்டெபீடியஸ் என்னும் தசையோ, எலும்போடு இணைந்த தசைகளுள் மிகச் சிறியது. 6 மில்லிமீட்டர்தான் இருக்கும். பேரோசை கேட்டவுடன் இத்தசை தானாகவே சுருங்கி அங்கவடியை இழுத்துப் பிடிக்கிறது. ஆக, காதுக்கு இமை இல்லையென்றாலும் ஒரு கடிவாளம் உண்டு. ஆனால் ஓசை வந்த பிறகுதான் அது இறுகும். ஆகையால் பட்டாசு போன்ற திடீர் வெடிப்பை அதனால் தடுக்க முடிவதில்லை. இத்தசைக்கு வருவது முக நரம்பின் கிளை. முகவாதம் கண்ட சிலருக்கு அந்நரம்பு செயலற்றுப் போவதால், அந்தப் பக்கத்துக் காதில் சாதாரண ஓசையும் மிகையாகக் கேட்கிறது.

இந்த மிகைக் கேட்பை மருத்துவர்கள் ஹைப்பரகூசிஸ் என்கிறார்கள். எல்லோருக்கும் தசைதான் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. பலருக்குக் காதைச் சோதித்தால் குறையே தெரியாது. காதிலிருந்து வரும் சைகையை மூளை எவ்வளவு பெருக்கிக் கொள்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். வானொலிப் பெட்டியின் குமிழை யாரோ முழுவதும் திருகிவிட்டு, அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் பழுது இல்லை. நிலையத்திலும் பழுது இல்லை. ஆனால் அந்த வீட்டில் உட்கார முடியாது.

ஒலியின் அளவு டெசிபல். இயல்பான பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல். பெரும்பாலோருக்கு 100 டெசிபல் அளவில்தான் ஓசை தாங்க முடியாததாகிறது. இக்குறையுள்ள சிலருக்கோ 70-லேயே அந்த வேதனை வந்துவிடுகிறது. 30 தானே வேறுபாடு என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. ஆகவே 30 டெசிபல் என்பது ஆயிரம் மடங்கு! எங்கள் ஆசிரியையின் கைப்பேசியில் ஒலியளக்கும் வசதி இருந்தது. துல்லியமான கருவி அன்றுதான்; என்றாலும் மதிய உணவு வேளையில் எங்கள் வகுப்பறையில் அது 80-ஐத் தாண்டிக் காட்டியது. 2000-ஆம் ஆண்டில் வந்த இந்திய ஒலிமாசு விதிகளின்படி, அமைதிப் பகுதியில், அதாவது பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள், பகலில் 50 டெசிபலுக்கு மேல் ஓசை கூடாது. தெருவிலிருந்து வருவதைத் தடுக்க விதி இருக்கிறது. உள்ளேயிருந்து நாமே எழுப்புவதற்கு யார் விதி செய்வார்கள்?

இதைப் போலவே தோன்றும் இன்னொரு தொல்லையும் உண்டு. அதில் ஓசையின் அளவு முக்கியமில்லை. மெல்லும் சத்தம், உறிஞ்சும் சத்தம், மூக்கை இழுப்பது, பேனாவைச் சொடுக்குவது போன்ற குறிப்பிட்ட சிற்றோசைகளே தாங்கொணாத சினத்தையும் பதற்றத்தையும் எழுப்பிவிடும். இதற்கு மிசோஃபோனியா என்று 2001-இல் பெயரிட்டவர்கள் அமெரிக்காவில் பணியாற்றிய ஜாஸ்ட்ரெபாஃப் தம்பதியர். கிரேக்க மொழியில் ஒலி வெறுப்பு என்று பொருள். பெரும்பாலும் சிறுவயதிலோ, பத்துப் பன்னிரண்டு வயதை ஒட்டியோ இது தலைகாட்டுகிறது. கொடுமை என்னவென்றால், வெளியாரைவிட உடன் வாழ்பவர் எழுப்பும் ஓசையே மிகுதியாக வருத்துகிறது. அப்பா சாப்பிடும் சத்தத்தைக் கேட்க முடியாமல் மகள் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனால், அந்த வீட்டில் என்ன நினைப்பார்கள்? திமிர் என்றுதானே! இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் 2017-இல் இத்தகையோரின் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்தார்கள். அந்த ஓசைகள் கேட்கும்போது உணர்ச்சியோடு தொடர்புடைய இன்சுலா என்னும் பகுதி மற்றவர்களைவிட மிகுதியாகக் கிளர்ந்தெழுந்தது. இதயத் துடிப்பும் கூடியது. 2021-இல், கேட்கும் பகுதிக்கும் வாய், முகம் ஆகியவற்றை இயக்கும் பகுதிக்கும் இடையே இவர்களுக்குத் தொடர்பு மிகுந்திருப்பதையும் கண்டார்கள். பெற்றோர் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்க வேண்டுகிறோம்.

ஓசையால் வருந்தியவர்களுள் பெரியவர்களும் உண்டு. ஆங்கில எழுத்தாளர் தாமஸ் கார்லைல் இலண்டன் செல்சியில் குடியிருந்தபோது, பக்கத்து வீட்டுச் சேவல்களும் பியானோவும் அவரை எழுதவிடவில்லை. 1853-இல் வீட்டின் உச்சியில் ஓசை புகாத அறை ஒன்றைக் கட்டத் தொடங்கினார். பணம் கரைந்தது, அறையும் எழுந்தது. உயரத்தில் இருந்ததால், அதுவரை கேட்காத தொலைதூர ஓசைகளெல்லாம் அங்கே வந்து சேர்ந்தனவாம்! அவருக்கு இருந்தது எந்த வகை என்று இன்று யாரும் சொல்ல இயலாது. எங்களுக்கு அவரைவிட நெருக்கமாகத் தோன்றியவர் 1947-இல் பிறந்த டெம்பிள் கிராண்டின். ஆட்டிசம் உள்ள அவர் பின்னாளில் கால்நடை அறிவியல் பேராசிரியையானார். சிறுமியாக இருந்தபோது பள்ளி மணியோசை, பல் மருத்துவரின் துளைக்கருவி நரம்பில் பட்டதுபோல வலித்தது என்று அவர் விவரித்திருக்கிறார். அதைப் படித்த அன்று எங்கள் வகுப்பில் யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை என்பதே உண்மை.

அப்படியானால் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு இருந்துவிடலாமே? நாங்களும் முதலில் அப்படித்தான் சொன்னோம். அது தவறான யோசனை. 2003-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நல்ல செவித்திறன் உள்ளவர்களையே எடுத்துக்கொண்டு, இரண்டு வாரம் காதடைப்பான் அணியச் செய்தார்கள். அதற்குப்பின் அவர்களுக்கு ஓசைகள் முன்னைவிடப் பெரிதாகக் கேட்டன. மெல்லிய இரைச்சலை எந்நேரமும் காதருகே கேட்டுக்கொண்டிருந்தபோதோ, ஓசையைத் தாங்கும் திறன் கூடியிருந்தது. பசித்த காது பெருந்தீனி தின்னும் போலும்! எனவேதான் மருத்துவர்கள் வெடிக்கும் உரத்த முழக்கத்துக்கும் மட்டும் காதடைப்பானை அனுமதித்து, மற்ற நேரங்களில் மழை இரைச்சல் போன்ற மெல்லொலியைச் சிறிது சிறிதாகப் பழக்குகிறார்கள். அச்சத்தைக் குறைக்க மனநலப் பயிற்சியும் தருகிறார்கள். மாதக்கணக்கில் ஆகும். எல்லோருக்கும் முழுவதும் தீர்ந்துவிடுவதில்லை.

பள்ளியில் நாங்கள் செய்தது கொஞ்சம்தான். பழைய சைக்கிள் டியூபை வெட்டி நாற்காலிக் கால்களுக்கெல்லாம் கட்டினோம். இழுக்கும்போது எழும் கிறீச்சொலி போயிற்று. இரண்டு மாதத்தில் ரப்பரும் தேய்ந்து போயிற்று, மறுபடி கட்டினோம். தலைமையாசிரியை அருட்சகோதரி அவளை மின்மணிக்கு எதிர்ப்புறமுள்ள வரிசைக்கு மாற்றச் சொன்னார். மணியடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது வகுப்புத் தலைவி விரலை உயர்த்திக் காட்டுவாள். வரப்போகிறது என்று தெரிந்தாலே பாதி வலி குறைகிறது என்று அவள் சொன்னாள். உணவு வேளையில் நாலைந்து பேர் அவளோடு வேப்ப மரத்தடிக்குப் போகிறோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் மழை கொட்டும்போது மட்டும் எங்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. டப்பா மூடி இப்போதும் விழுகிறது.

இக்கட்டுரையை அவளிடம் முதலில் படிக்கக் கொடுத்தோம். "அழுதாள்" என்று எழுதியிருந்த இடத்தில் "கண்களில் நீர் வந்துவிடும்" என்று திருத்தினாள். அளவுகோல் செய்தியை அடித்துவிடவா என்று கேட்டோம். வேண்டாம், இருக்கட்டும் என்றாள்.

இவ்வாண்டு விளையாட்டு விழாவில் அவள் மைதானத்தின் கடைசி ஓரத்தில், மதிப்பெண் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டிரம் முழங்க, முதல் அணி கடந்து சென்றது. இரண்டாம் அணியும் சென்றது. மூன்றாம் அணி வருமுன் எழுந்து நூலகத்துக்குப் போனாள். அவள் இடத்தில் எங்களுள் ஒருத்தி உட்கார்ந்து மதிப்பெண்ணை எழுதினாள்.