மண்வெட்டிப் பிடி: கைக்கு ஏற்றபடி செய்வோம்



விவிலியத்தில் அரசர்கள் இரண்டாம் நூலின் 6ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு சம்பவம் வருகிறது. யோர்தான் கரையில் மரம் தறித்துக்கொண்டிருந்த ஒருவரின் கோடரி இரும்பு கழன்று ஆற்றில் விழுந்துவிடுகிறது. அது இரவல் வாங்கியதாயிற்றே என்று அவர் பதறுகிறார். இறைவாக்கினர் எலிசா அந்த இரும்பை மிதக்கச் செய்தார். எமது வாய்க்காலில் விழும் மண்வெட்டி மிதக்காது. பிடியை ஒழுங்காக இறுக்கியிருந்தால் விழவும் மாட்டாது.

1990இல் வலிகாமம் வடக்கை விட்டும், 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டும், 2008, 2009இல் வன்னிக்குள்ளேயே இடத்துக்கிடம் மாறியும் போனபோது, நம்மில் பலர் மண்வெட்டியின் இரும்பை மட்டும் கழற்றி உரப்பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தோம். பிடி பாரம், போன இடத்தில் ஒரு தடி வெட்டிப் போடலாம் என்று நினைத்தோம். அப்படி அவசரத்தில் பச்சைத் தடியைச் செருகிப் பழகிய பழக்கம் சொந்த வளவுக்குத் திரும்பிய பிறகும் பலரை விட்டுப் போகவில்லை.

இதில் நாமும் தவறு செய்தவர்கள்தான். மீளக்குடியேறிய குடும்பங்களுக்கென்று ஒருமுறை எமது குழு ஒரே அளவில் பிடிகள் செய்வித்துக் கொடுத்தது. மரம் காயவில்லை. ஒரு மாதம் போகுமுன்பே அவை ஆடத் தொடங்கின. அதைவிடப் பெரிய குறையை, தனியே கமஞ்செய்யும் ஒரு தாய் எமக்குக் காட்டினார். அவருடைய விரல்கள் பிடியைச் சுற்றி எட்டவேயில்லை. உள்ளங்கை முழுவதும் கொப்புளம். நாம் ஆண்களின் கையை மட்டும் மனதில் வைத்துச் செய்திருந்தோம்.

மரத்தை எங்கே தேடுவது? பாலை, முதிரை, சமண்டலை போன்ற காட்டு மரங்கள் உறுதியானவை. ஆனால் அவற்றை அனுமதியின்றி வெட்டுவது குற்றம். மிதிவெடி அகற்றி முடியாத பற்றைகளுக்குள் ஒரு தடிக்காகக் கால் வைக்கவே வேண்டாம். எச்சரிக்கைப் பலகை விழுந்து கிடந்தாலும் ஆபத்து அங்கேயே இருக்கும். எமது வேலியே போதும். பூவரசங் கதியால் முற்றினால் நல்ல பிடியாகும். கிளிசிறிடியாவை ஆட்டுக்குக் குழையாகவும் அடுப்புக்கு விறகாகவும் மட்டுமே பார்க்கிறோம். அதன் முற்றிய தடியும் பிடிக்கு உதவும். சண்டை நடந்த இடங்களில் நின்ற மரமாயின் செல் சன்னம் உள்ளே கிடக்கக்கூடும். மரத்தில் நீலக் கறுப்புக் கறை தெரிந்தால் வாளை நிறுத்திப் பாருங்கள்.

மெல்லிய தடியை அப்படியே பிடியாக்கினால் நடுவில் சோறு இருக்கும்; காயும்போது அங்கிருந்து வெடிக்கும். ஆகவே தொடையளவு பருத்த ஒரு துண்டை எடுத்து, ஆப்பு வைத்து நான்காகப் பிளந்து, நடுப் பகுதியைச் செதுக்கி நீக்குங்கள். வாளால் அறுப்பதிலும் பிளப்பதே நல்லது. வாள் தன் பாட்டில் நேரே போகும்; பிளவோ மரத்தின் நார் போகும் வழியே போகும். நார் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அறுபடாமல் ஓடினால் பிடி வளையும், முறியாது. வில் செய்பவர்களும் இதைத்தான் பார்த்து மரம் தெரிவார்கள். நார் குறுக்கே வெளியேறும் இடத்தில்தான் வில்லும் முறியும், பிடியும் முறியும்.

பிளந்ததும் பட்டையை உரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வண்டு குடியேறும். இரு முனைகளிலும் சாணம் அப்பி, நிழலில், காற்றுப் படும் இடத்தில், நிலத்தில் முட்டாமல் அடுக்குங்கள். வெயிலில் வைத்தால் மேற்புறம் மட்டும் முதலில் காய்ந்து வெடிக்கும். எவ்வளவு காலம் என்றால், சில மாதங்கள். காய்ந்ததா என்று அறிய ஒரு வழி உண்டு. கடைத் தராசில் நிறுத்து, நிறையைத் தடியிலேயே கரியால் எழுதி வையுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை நிறுங்கள். நிறை குறையாமல் நின்றால் மரம் தயார். வருடத்துக்கு இரண்டு துண்டு காயப்போடும் வீட்டில் பிடிக்குப் பஞ்சம் வராது.

இனிச் செதுக்கும் வேலை. கத்தி, கைவாள், அரம், உடைந்த போத்தல் துண்டு இருந்தாற் போதும். ஒரேயடியாக உருட்ட முயல வேண்டாம். முதலில் நாற்பட்டையாக்குங்கள். நான்கு மூலையையும் சீவினால் எட்டுப்பட்டை. அவற்றையும் சீவினால் பதினாறு. அதன் பிறகு அரத்தால் தேய்த்தால் தானாகவே உருண்டு வரும்.

ஆனால் முழு வட்டமாக்கி விடாதீர்கள். கை பிடிக்கும் பகுதி முட்டை வடிவாக, கொத்தும் திசையில் சற்று அகன்றிருக்கட்டும். அப்படியானால் இருட்டிலும் இரும்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கைக்குத் தெரியும். ஈரக் கையிலும் பிடி உருளாது. பருமனுக்கு அளவுகோல் தேவையில்லை. பாவிப்பவரே பிடித்துப் பார்க்க வேண்டும். பெருவிரல் நுனியும் நடுவிரல் நுனியும் தொட்டும் தொடாமலும் நிற்பது சரியான பருமன். அதற்கு மேல் பருத்தால் இறுக்கிப் பிடித்தே முன்கை களைக்கும். அடிமுனையைச் சிறிது குமிழாக விட்டால் கை வழுகிப் போகாது.

நீளத்தை முதல் நாளே வெட்ட வேண்டாம். ஒரு சாண் கூட விட்டு, ஒரு நாள் தோட்டத்தில் கொத்திப் பாருங்கள். பின் கை எங்கே வந்து நிற்கிறதோ, அதற்குக் கீழே நான்கு விரற்கிடை விட்டு மிச்சத்தை வெட்டுங்கள். கணவருக்கும் மனைவிக்கும் இந்த அளவு ஒன்றாக இராது. வீட்டில் இருவர் கொத்துவதானால் இரண்டு பிடி செய்வதே நியாயம். வலிகாமத்துச் செம்மண்ணுக்குப் பழகிய நீளம், காய்ந்தால் கல்லாய் இறுகும் வன்னி மண்ணில் சரிவராமலும் போகலாம். கடைசியில் போத்தல் துண்டால் சுரண்டி மழுப்புங்கள். கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். வாணிசு பூச வேண்டாம், கை வழுக்கும். கொஞ்சம் எண்ணெய் பூசினாற் போதும்.

இரும்பைப் பூட்டும்போது கண்ணின் உட்புறத்தில் கரி தேயுங்கள். பிடியைச் செருகிக் கழற்றினால், முட்டுகிற இடங்களில் கறுப்பு ஒட்டியிருக்கும். அந்த இடங்களை மட்டும் சீவுங்கள். நான்கைந்து முறை இப்படிச் செய்தால் இடைவெளியின்றிப் பொருந்தும். பின்னர் நுனியில், கண்ணின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாள்வெட்டுப் போடுங்கள். இரும்பைச் சுத்தியலால் அடிக்க வேண்டாம். இரும்பு கீழே தொங்கும்படி பிடியைத் தூக்கிப் பிடித்து, மேலே நிற்கும் அடிமுனையைக் கொட்டனால் தட்டுங்கள். இரும்பு தன் பாரத்தாலேயே ஏறி இறுகும். நுனி அரை அங்குலம் வெளியே வந்ததும், வாள்வெட்டுக்குள் காய்ந்த வைர மரத்தில் செய்த ஆப்பை இறக்குங்கள்.

ஆடுகிற மண்வெட்டியை இரவில் வாளித் தண்ணீருக்குள் வைப்பதை எல்லா வீட்டிலும் காண்கிறோம். மரம் ஊதும், காலையில் இறுகியிருக்கும், உண்மைதான். ஆனால் ஊதிய மரம் இரும்போடு நெரிந்து நசுங்கிவிடுகிறது. காய்ந்ததும் முன்னிலும் அதிகமாக ஆடும். ஆப்பை இன்னும் சிறிது இறக்குங்கள், அல்லது புது ஆப்புப் போடுங்கள்.

பிடி முறிந்தால் கண்ணுக்குள் சிக்கிய துண்டை எடுப்பதற்கு மண்வெட்டியை அடுப்பில் போடாதீர்கள். நெருப்புப் பட்டால் உருக்கின் துவைச்சல் போய், வாய் மடியத் தொடங்கும். இரண்டு கல்லின்மேல் கவிழ்த்து வைத்து, அலவாங்கு நுனியால் துண்டைத் தட்டி வெளியே தள்ளுங்கள். அந்த முறிந்த துண்டை எறிந்து விடாமல், எங்கே முறிந்தது, நார் எப்படி ஓடியது என்று பார்த்துவிட்டு அடுத்த பிடிக்கு மரம் தெரியுங்கள்.