தாங்கியில் தண்ணீர் ஒழுகினால்

புதிய வீட்டின் திறப்பைக் கையில் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருக்கும். சுபஹுக்கு எழும்பி வுழூச் செய்யப் பைப்பைத் திறந்தால் காற்றுத்தான் வருகிறது. நேற்று மஃரிபுக்கு முன்னர் மோட்டர் போட்டு நிரப்பிய 1000 லீற்றர் தாங்கி வெறுமையாகக் கிடக்கிறது. மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனைக்குடிப் பக்கங்களில் மீள்குடியேறிய வீடுகளுக்குப் போகும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. "பைப் பாஸ் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்பார்கள். பாஸ் வருவதற்கு முன் நீங்களே கண்டுபிடிக்கக் கூடியது நிறைய உண்டு. பாதி வேலையை நீங்களே செய்தும் விடலாம்.

முதலில், ஒழுக்கு எவ்வளவு என்று அளந்து பாருங்கள். சொட்டும் இடத்தின் கீழே ஒரு தேநீர்க் குவளையை வையுங்கள். 200 மில்லி லீற்றர் குவளை பத்து நிமிடத்தில் நிரம்பினால் ஒரு மணித்தியாலத்துக்கு 1.2 லீற்றர், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 29 லீற்றர் போகிறது. இரண்டு குடம் தண்ணீர் அது. மாதக் கணக்கில் பார்த்தால் 860 லீற்றரைத் தாண்டும். நீர்வழங்கல் சபையின் பில்லில் ஒரு அலகு என்பது 1000 லீற்றர். அலகு கூடக்கூட ஒவ்வொரு அலகுக்கும் விலையும் கூடும் என்பதால் இந்த ஒழுக்கு உங்கள் பில்லை அடுத்த படிக்குத் தூக்கிவிடலாம்.

கிணற்றிலிருந்து மோட்டர் மூலம் தாங்கிக்கு எடுப்பவர்களுக்குப் பில் வராது. அவர்களுக்குப் போவது வேறொன்று. நமது ஊர்கள் கடலுக்கும் கரைவாகு வயலுக்கும் இடையில் ஒரு மணல் திட்டின் மேல் இருக்கின்றன. மழைநீர் அந்த மணலுக்குள் இறங்கி, பாரம் கூடிய உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு அடி உயரம் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும். மேல் மட்டம் சிறிது இறங்கினாலே கீழிருந்து உப்பு ஏற இடம் கிடைத்துவிடும்.

2004 டிசம்பர் 26இன் பின்னர் இதை நாம் கண்ணால் கண்டோம். கடல் புகுந்த கிணறுகளைச் சுத்தம் செய்வதாக நினைத்து, எங்களைப் போன்ற நிறுவனங்களும் பொதுமக்களும் திரும்பத் திரும்ப மோட்டர் போட்டு இறைத்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்த வேலைதான். ஆனால் இறைக்க இறைக்கக் கீழிருந்த உப்பு மேலே வந்தது. சில இடங்களில் கிணற்றுச் சுவரே சரிந்தது. அளவுக்கு மேல் இறைக்க வேண்டாம், மாரி மழை கழுவட்டும் என்று பிறகுதான் அறிவுறுத்தினார்கள். மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகளைத் தொடர்ந்து அளந்து பார்த்தபோது, உப்பு பழைய நிலைக்கு இறங்க ஏறத்தாழ ஒன்றரை வருடம் எடுத்திருந்தது.

"ஒழுகின தண்ணி மணலுக்குள்ளதானே மகன் திரும்பப் போகுது?" என்று ஒரு உம்மா என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. ஒரு பகுதி திரும்பப் போவது உண்மை. ஆனால் போகும் வழியில் முற்றத்து அழுக்கையும் சேர்த்துக்கொண்டு போகிறது. அத்துடன் வெறுமையான தாங்கியை நிரப்ப நீங்கள் காலையும் மாலையும் மோட்டர் போடுகிறீர்கள். ஒரே இடத்தில், ஒரே மூச்சில் இழுக்கும் அந்த இழுவைதான் கிணற்றுக்குக் கேடு.

எங்கே ஒழுகுகிறது?

குழாய்த் தண்ணீர் உள்ள வீட்டில் மீற்றரே சொல்லிவிடும். இஷாவுக்குப் பிறகு எல்லாப் பைப்புகளையும் மூடி, தாங்கி நிரம்பி முடிந்ததும் மீற்றர் இலக்கத்தை எழுதி வையுங்கள். விடியும்வரை ஒரு சொட்டும் எடுக்காதீர்கள். காலையில் இலக்கம் மாறியிருந்தால் எங்கோ போகிறது. அடுத்த இரவு தாங்கிக்கு ஏறும் குழாயின் வால்வை மூடிவிட்டு இதையே செய்யுங்கள். அப்போதும் மாறினால் மீற்றருக்கும் அந்த வால்வுக்கும் இடையில், பெரும்பாலும் மண்ணுக்குள், ஒழுக்கு இருக்கிறது. மாறவில்லை என்றால் தாங்கியிலோ அதற்குக் கீழேயோ தேடுங்கள்.

மண்ணுக்குள் உள்ள ஒழுக்கைத் தள்ளிப் போட வேண்டாம். தண்ணீர் வரும்போது அந்த ஓட்டையால் வெளியே போகும். தண்ணீர் நின்று குழாய் வெறுமையாகும்போது அதே ஓட்டை வெளியில் உள்ளதை உள்ளே இழுக்கும். பக்கத்தில் மலசலகூடக் குழி இருந்தால் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை. திருத்தும்வரை குடிக்கும் நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள்.

தாங்கியின் மேல் பக்கத்து வழிகுழாயால் தண்ணீர் வந்தால் தாங்கி உடைந்துவிட்டது என்று பயப்படாதீர்கள். போல் வால்வு நிறுத்தவில்லை, அவ்வளவுதான். மூடியைத் திறந்து மிதவையைக் கையால் மேலே தூக்குங்கள். தூக்கியதும் தண்ணீர் நின்றால் வால்வு நல்லது, மிதவைதான் உயரமாக நிற்கிறது. வழிகுழாய்க்கு ஒரு அங்குலம் கீழே தண்ணீர் நிற்கும்படி அதன் கையைப் பதித்து விடுங்கள். மிதவையைக் கழற்றி ஆட்டும்போது உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டால் புதிது வாங்க வேண்டும். தூக்கியும் நிற்கவில்லை என்றால் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது மணல் துணிக்கை ஒன்று சிக்கியிருக்கும்.

தாங்கியின் அடியில் குழாய் பூட்டிய இடத்தில் கசிந்தால் தாங்கியை வெறுமையாக்கி, உள்ளேயும் வெளியேயும் உள்ள இறப்பர் வாஷர்களைப் பாருங்கள். வெடித்திருந்தால் மாற்றுங்கள். நட்டைக் கையால் இறுக்கி, பிறகு ஸ்பனரால் கால் சுற்று மட்டும் இறுக்கினால் போதும். நான் கலைப்பிரிவில் படித்தவன். முதல் தடவை இதைச் செய்தபோது, பலமாக இறுக்கினால் நல்லது என்று நினைத்து, தாங்கியையே வெடிக்க வைத்தேன். 20 வருடம் இந்த வேலை செய்யும் பாஸ் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்லித் தந்ததுதான் இந்தக் கால் சுற்றுக் கணக்கு.

தாங்கியின் அடிப்பகுதியே வெடித்திருந்தால் அது இருக்கும் தளத்தைப் பாருங்கள். 1000 லீற்றர் தண்ணீர் என்றால் 1000 கிலோ. இரண்டு பலகைக்கு மேல் வைத்தால் நடுப்பகுதி தொங்கி வெடிக்கும். சமமான தளத்தில் அடி முழுவதும் பட நிற்க வேண்டும். பசை பூசி ஒட்டிய பிளாஸ்டிக் தாங்கி அதிக நாள் தாக்குப்பிடிப்பதில்லை, அந்தக் காசை வீணாக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தளத்தைத் திருத்தாமல் புதிய தாங்கி வைப்பதும் அதே போலத்தான்.

கொமட் தொட்டி உள்ள வீடுகளில் சத்தமில்லாத ஒழுக்கு ஒன்று உண்டு. கடும் சாயத் தேநீர் ஒரு கோப்பையைத் தொட்டிக்குள் ஊற்றி அரை மணித்தியாலம் விடுங்கள். அதற்குள் யாரும் தண்ணீர் இழுக்கக் கூடாது. கொமட்டுக்குள் நிறம் வந்தால் தொட்டியின் அடி வாஷர் போய்விட்டது.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் சிலர் சுடுதண்ணீர் ஹீற்றரும் பூட்டியிருக்கிறார்கள். அதில் ஒழுக்கு என்றால் கை வைப்பதற்கு முன் மின்சாரத்தை மெயினில் நிறுத்துங்கள், பிறகு தண்ணீரை மூடுங்கள். பூட்டில் கசிந்தால் திருத்தலாம். அழுத்தம் கூடும்போது திறக்கும் சிறிய வால்வால் சொட்டினால் ஒருபோதும் அடைத்துவிடாதீர்கள், ஹீற்றர் வெடிக்காமல் காப்பது அதுதான். உடம்பிலிருந்து ஒழுகினால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. சாதாரண வெள்ளை பி.வி.சி குழாய் சுடுதண்ணீருக்கு உதவாது.

சுவரில் ஈரம் ஏறி சுவிட்ச் பக்கம் வந்தாலும் இதே விதிதான். மெயினை நிறுத்தாமல் அந்தச் சுவரைத் தொட வேண்டாம், பிள்ளைகளையும் விட வேண்டாம். இந்த வேலைக்கு மின்சாரப் பாஸைத்தான் கூப்பிட வேண்டும். மற்றவற்றைப் பெண்களே செய்யலாம். கணவர் கட்டாரில் இருக்கிறார், வீட்டுக்குள் அந்நிய ஆளைக் கூப்பிடத் தயக்கம் என்று சொல்லும் சகோதரிகள் ஒரு ஸ்பனரும் ரப்பர் வாஷர் நான்கும் வீட்டில் வைத்திருங்கள்.

தொடர்மாடி வீடுகளில்

மேல் வீட்டுத் தண்ணீர் கீழ் வீட்டுக் கூரையில் இறங்கி, சலாம் சொல்வதையே நிறுத்திய குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். கடற்கரையில் 65 மீற்றருக்குள் இருந்த காணியை விட்டு வந்தவர்கள் முன்பு தனித்தனி வளவில் வாழ்ந்தவர்கள். அடுத்தவர் தலைக்கு மேல் குடியிருப்பது அவர்களுக்குப் புதிது. சண்டைக்கு முன் மேல் வீட்டு வால்வை இருவரும் சேர்ந்து ஒரு நாள் மூடிப் பாருங்கள். சுவர் மெதுவாகத்தான் காயும் என்பதால், சொட்டு குறைகிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் அது பொதுக்குழாயின் ஒழுக்கு, மேல் வீட்டார் பொறுப்பல்ல.

ஒழுக்கு கட்டியவரின் பிழையாகவும் இருக்கலாம். கட்டுமான ஒப்பந்தங்களில் வீடு கையளித்த பின் குறைபாடு திருத்தும் காலம் ஒன்று வழமையாக இருக்கும். உங்கள் வீட்டுக்கு அது எத்தனை மாதம், எந்தத் திகதியில் முடிகிறது என்று கையளிப்புக் கடிதத்தில் பாருங்கள். இல்லாவிட்டால் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். வாயால் சொன்னது போதாது. திகதி போட்டு எழுதிக் கொடுங்கள், ஈரம் பட்ட இடத்தைப் படம் எடுத்து இணையுங்கள், பிரதியில் முத்திரை வாங்கி வைத்திருங்கள். தொடர்மாடியில் கீழ் வீட்டாரும் மேல் வீட்டாரும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டால், யாருடைய ஒழுக்கு என்ற பேச்சு அலுவலகத்தில் வராது.