சேணப்பையை நம்பாதீர்கள்

சிங்கப்பூர் கிராஞ்சித் திடலில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிக் குதிரைப் பந்தயம் ஓடி முடிந்தபோது, நான் சைஸ், அதாவது குதிரை பராமரிக்கும் வேலையை விட்டுச் சில காலம் ஆகியிருந்தது. முதலில் புக்கிட் தீமாவிலும், 1999இல் திடல் இடம் மாறிய பிறகு கிராஞ்சியிலும் வேலை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாலத்தைக் கடந்து போய் லாயம் கூட்டியவன் நான். இப்போது ஜொகூரில் கூலாய்ப் பக்கம், வார இறுதியில் செம்பனைத் தோட்டப் பாதைகளில் குதிரை ஓட்டப் பழகும் பிள்ளைகள், "அங்கிள், முதலுதவிப் பெட்டியில என்னென்ன வைக்கணும்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. பெட்டி வாங்குமுன் உங்கள் குதிரையின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு உடல்சூடு 37.5 முதல் 38.5 பாகை வரை இருக்கும். நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. இது பொதுக் கணக்கு. உங்கள் குதிரைக்கு எவ்வளவு என்பதை ஒரு வாரம் காலையில் தீனி வைக்குமுன் பார்த்து எழுதிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்தால் நாடி தட்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். கால்நடை டாக்டருக்குப் போன் போட்டால் அவர் முதலில் கேட்பது இந்தக் கணக்கைத்தான். "ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்" என்றால் அவர் என்ன செய்வார்?

2. தெர்மாமீட்டரில் நூல் கட்டி, மறுமுனையில் துணி கிளிப் மாட்டி, வாலில் கவ்வ விடுங்கள். ஆசனவாயில் வைத்த தெர்மாமீட்டர் உள்ளே போய்விட்டால் தேட நான் வரமாட்டேன்.

3. பாதிச் சாமான் உங்கள் இடுப்பில் இருக்க வேண்டும். இதை அடிபட்டுத்தான் கற்றேன். ஒருநாள் காட்டுப்பன்றி குறுக்கே ஓடியது. குதிரை திமிறியதில் நான் கீழே. போன், தண்ணீர், கட்டுத்துணி எல்லாம் சேணப்பையில் பத்திரமாக இருந்தன. குதிரை அந்தப் பையோடு லாயம் போய்ச் சேர்ந்து இரண்டு மணி நேரம் கழித்து நான் நொண்டிக்கொண்டு போனேன். போன், விசில், சிறு கத்தி, ஒரு கிரேப் பேண்டேஜ், உங்களுக்கு ஆஸ்துமா இருந்தால் அதற்கான பம்ப் இவையெல்லாம் இடுப்புப் பையில் இருக்கட்டும். ஆள் விழுந்து கழுத்து வலிக்கிறது என்றால் தூக்கி உட்கார வைக்காதீர்கள், 999க்கு அழையுங்கள். தலைக்கவசம் இல்லாமல் ஏறுகிறவருக்கு என் அறிவுரை எதுவும் கிடையாது.

4. நம் பக்கத்துக் காயம் பெரும்பாலும் செம்பனை மட்டை முள்ளால் வருவது. வெட்டிப் போட்ட மட்டைக் குவியலுக்குள் குதிரை கால் விட்டால் முள் ஏறும். வெளியே பார்த்தால் ஒரு பொட்டு. உள்ளே எங்கே போயிருக்கிறது என்று தெரியாது. மூட்டுக்குப் பக்கத்தில் குத்திய பொட்டுக்காயத்தைக் கண்டு பயப்படுங்கள். கிழிந்து தொங்கும் பெரிய காயத்தைவிட அது மோசம், மூட்டுக்குள் சீழ் பிடித்தால் குதிரையின் ஆயுளே போச்சு. நான் ஒரு முறை "சின்ன முள்தானே" என்று பிடுங்கிவிட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரை வருவதைப் பார்த்துத் திருப்திப்பட்டேன். மூன்றாம் நாள் கால் யானைக்கால். பெராக்சைடு நல்ல சதையையும் சேர்த்துத் தின்னும். சலைன் போத்தல் இரண்டு வையுங்கள். போவிடோன் அயோடினைத் தண்ணீரில் இளந்தேநீர் நிறத்துக்குக் கரைத்துக் கழுவலாம். மஞ்சளும் கோடாலித் தைலமும் வீட்டிலேயே இருக்கட்டும்.

ரத்தம் பீறிட்டால் காயத்தில் ஒட்டாத பஞ்சுப்பட்டையை வைத்துப் பத்து நிமிடம் அழுத்துங்கள். நனைந்தால் எடுக்காமல் அதன்மேல் இன்னொன்று. 450 கிலோ குதிரை உடம்பில் சுமார் 35 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. மண்ணில் சிந்திய ஒரு லிட்டரைப் பார்த்து உங்களுக்கு மயக்கம் வந்தால் யாருக்கும் உதவியில்லை. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்ற தேதியும் மூடியில் இருக்கட்டும். அந்த நோய் குதிரையைச் சுலபத்தில் பிடிக்கும்.

5. குளம்புக்கு: குளம்பு சுரண்டி, பெரிய சைஸ் பேம்பர்ஸ் இரண்டு, அகலமான சாம்பல் நிற டேப். சிரிக்காதீர்கள். செம்மண் சரளையில் லாடம் கழன்றால், பேம்பர்ஸைக் குளம்பில் சுற்றி டேப் ஒட்டி வீடுவரை நடத்திக் கொண்டுவரலாம். ஆணி ஏறியிருந்தால் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். படமெடுத்து டாக்டருக்கு அனுப்பி, அவர் சொல்லும்வரை குதிரையை நடக்க விடாதீர்கள். எந்தப் பக்கம் சாய்ந்து எவ்வளவு ஆழம் என்பது ஆணி இருந்தால்தான் எக்ஸ்ரேயில் தெரியும்.

6. ஜொகூரில் குதிரைக்கு முதல் எதிரி புழுக்கம். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாது. காயாவிட்டால் உடல் குளிராது. கடுமையாக ஓடும் குதிரை மணிக்கு 10 லிட்டருக்கு மேல் வியர்த்துத் தள்ளும். 2008இல் திரங்கானுவில் 160 கிலோமீட்டர் உலக நெடுந்தொலைவுப் போட்டி நடந்தது. அந்த வகைப் போட்டிகளில் ஒவ்வொரு கட்டத்திலும் நாடி 64க்கு இறங்கினால்தான் டாக்டர்கள் மேலே விடுவார்கள். நீங்களும் அந்த 64ஐ வைத்துக்கொள்ளுங்கள். நின்று இருபது நிமிடம் ஆகியும் இறங்கவில்லையென்றால் அன்றைய சவாரி முடிந்தது.

குதிரையைக் குளிர்விக்க மடக்கு வாளியும் ஸ்பாஞ்சும் வையுங்கள். நிழலில், காற்றுப் படும் இடத்தில் நிறுத்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். சூடான குதிரைக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் சதை பிடித்துக்கொள்ளும் என்று எங்கள் காலத்தில் மிரட்டுவார்கள். நானும் நம்பினேன், அது தப்பு. தாகத்துக்குக் குடிக்கவும் விடுங்கள். உப்புக்கரைசல் கொடுத்தால் பக்கத்தில் வெறும் தண்ணீரும் இருக்கட்டும்.

7. வலி மருந்து பெட்டியில் இருக்கலாம், டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால். ஆனால் அவர் போனில் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. வயிற்று நோவில் பியூட் என்ற வலி மருந்தைக் கொடுத்தால் குதிரை சாந்தமாக நிற்கும். உள்ளே குடல் முறுக்கியிருந்தால் யாருக்குத் தெரியும்? தீனியை எடுத்துவிடுங்கள், சாணி போட்டதா என்று பாருங்கள். வாயில் எண்ணெய் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள் போகும்.

8. துப்பும் நாகம் நம் காடுகளில் உண்டு. விஷம் கண்ணில் பட்டால் சலைனோ தண்ணீரோ விட்டு நிறையக் கழுவுங்கள். குதிரைக்கும் அதேதான், உங்களுக்கும் அதேதான்.

9. தோட்டத்துக்குள் எல்லா மரமும் ஒரே மாதிரி. "செம்பனைக்கு நடுவுல இருக்கோம்" என்றால் டாக்டர் எப்படி வருவார்? பீல்டு நம்பர் பலகையைக் கடக்கும்போதெல்லாம் படமெடுங்கள். குதிரை பார்க்கும் டாக்டர் தெருவுக்கு ஒருவர் இல்லை. பெரிய அறுவைச் சிகிச்சையென்றால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை வரை, ஏறக்குறைய 300 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கலாம். குதிரை ஏற்றும் லோரிக்காரர் நம்பரும் மூடியில் இருக்கட்டும்.

10. பெட்டியைக் கார் பூட்டில் போட்டு வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் மருந்து கெடும், டேப்பின் பசை உருகும். பொங்கலுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை திறந்து தேதி பாருங்கள். கத்தரிக்கோலை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். என்னுடையது நான்காவது.