வளாகத்தில் எங்கே படிப்பது?

கேள்வி: சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். விடுதி அறையில் நான்கு பேர். பேச்சு ஓய்வதே இல்லை. நூலகத்தில் உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது. மரத்தடிக்குப் போனால் தெரிந்தவர்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஏப்ரலில் செமஸ்டர் தேர்வு. எங்கேதான் படிப்பது?
- வாசகி, ராசிபுரம்

பதில்: நூலகத்துக்கு எந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டு போகிறீர்கள் அம்மா? பள்ளி நாளிலிருந்தே நம் பிள்ளைகள் வாய்விட்டுப் படித்துப் பழகியவர்கள். அவர்களை வாயை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்யச் சொன்னால் கண் சொக்கத்தான் செய்யும். உரக்கப் படிப்பதை யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம். மௌனமாகப் படித்த சொற்களைவிட வாய்விட்டுப் படித்தவை நன்றாக நினைவில் நிற்பதைக் கனடாவின் உளவியலாளர் காலின் மக்லியோடும் அவருடைய குழுவினரும் 2010-ல் சோதனைகளில் காட்டினார்கள். ஆகவே கணக்கு, குறிப்பெடுப்பது, பழைய வினாத்தாளுக்கு விடை எழுதிப் பார்ப்பது போன்ற கை வேலைகளை நூலகத்துக்கு வையுங்கள். பேனா ஓடினால் தூக்கம் வராது.

வாய் வேலைக்குக் காலி வகுப்பறையைப் போல வேறு இடமில்லை. அங்கே கரும்பலகை இருக்கிறது. ஒரு வினையின் வழிமுறையைப் புத்தகத்தை மூடிவிட்டு, எலக்ட்ரான் நகர்வைக் காட்டும் வளைந்த அம்புக்குறிகளோடு பலகையில் போட்டுப் பாருங்கள். கூடவே, எதிரில் தோழி இருப்பதாக நினைத்துச் சொல்லிக்கொண்டே போங்கள். மூன்றாவது அம்பில் கை நின்றால் அங்கேதான் உங்களுக்குப் புரியவில்லை. நோட்டை வரிவரியாகப் புரட்டினால் அந்த இடம் கண்ணில் படாது.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். ஏப்ரல் 20 வாக்கில் சேலத்தில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் இருக்கும். பதினொன்றிலிருந்து மூன்று வரை மின்விசிறிக்குக் கீழே இருந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு கிழக்குப் பார்த்த தாழ்வாரம் நல்லது. மேற்கு வெயிலைக் கட்டடமே மறைத்துவிடும். மரத்தடியை நான்கு பேர் சேர்ந்து கேள்வி கேட்டுக்கொள்ள வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் ஒரே இடத்தில்தான் உட்கார வேண்டும் என்பதுமில்லை. ஸ்மித், கிளென்பெர்க், பியோர்க் ஆகியோர் 1978-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே சொற்பட்டியலை இரண்டு வெவ்வேறு அறைகளில் படித்தவர்களே ஒரே அறையில் இரண்டு முறை படித்தவர்களைவிட அதிகம் நினைவுகூர்ந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் கிளை நூலகத்துக்குப் போங்கள். அதன் வார விடுமுறை வெள்ளிக்கிழமைதான்.

மாணவிகளுக்கு உண்மையான சிக்கல் மாலை நேரம். கருப்பூர் வளாகம் சேலம் நகருக்கு வெளியே, பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிறது. இருட்டியபின் நகரத்து நூலகத்துக்குப் போய்த் திரும்புவது விடுதியில் இருக்கும் பெண்ணுக்கு நடக்கிற காரியமா? அதனால் விடுதிக்குள்ளேயோ துறையிலேயோ ஒரு அறை இரவு வரை திறந்திருக்க வேண்டும். இதைச் சலுகையாக நினைத்துத் தயங்காதீர்கள். படிக்க வந்த பெண் படிக்க இடம் கேட்பது நியாயம். வகுப்பே கையெழுத்துப் போட்டுத் துறைத் தலைவருக்கும் விடுதிக் காப்பாளருக்கும் மனு கொடுங்கள். எந்த அறை, எத்தனை மணி வரை, சாவி யாரிடம், விளக்கை யார் அணைப்பது என்று அதிலேயே எழுதிவிடுங்கள். தேர்வு நெருங்கும் வரை காத்திராமல் பிப்ரவரியிலேயே கொடுத்துவிடுங்கள்.